கணினி விளையாட்டுப் போட்டிகள்: பிறர் செய்த கருவிக்கு எதுவரை அனுமதி?

தீபாவளி நெருங்கும் வாரங்களில் கிள்ளான் பள்ளத்தாக்கின் வணிக வளாகங்களில் கோலப் போட்டிகள் களைகட்டும். அப்படி ஒரு போட்டியில் மற்றவர்கள் புள்ளி வைத்துக் கோடு இழுத்துக்கொண்டிருக்கும்போது, ஒருவர் மட்டும் பிரிக்பீல்ட்ஸ் கடையில் வாங்கிய துளையிட்ட கோல அச்சைத் தரையில் வைத்து, மாவைத் தூவி, ஐந்து நிமிடத்தில் எழுந்துவிட்டால் என்ன ஆகும்? கோலம் அழகாகத்தான் இருக்கும். அது யார் போட்ட கோலம் என்பதில்தான் சண்டை வரும். அச்சு கூடாது என்று அறிவிப்பில் ஒரு வரி எழுதாமல் விட்ட ஏற்பாட்டாளரின் பாடு அதைவிடத் திண்டாட்டம்.

கணினி விளையாட்டுகளை உருவாக்கும் போட்டிகளிலும் இதே கேள்விதான் எழுகிறது. விளையாடி வெல்லும் போட்டி வேறு, இது வேறு. ஒரு கருப்பொருளைக் கொடுத்து, 48 மணி நேரத்திலோ ஒரு வாரத்திலோ புதிய விளையாட்டு ஒன்றைச் செய்து முடிக்கச் சொல்வார்கள். இளைஞர்கள் ‘கேம் ஜேம்’ என்று சொல்வது இதைத்தான். 2009 ஜனவரியில் 23 நாடுகளில் 53 இடங்களில் தொடங்கிய குளோபல் கேம் ஜேம் இவற்றில் பெயர் பெற்றது. கிள்ளான் பள்ளத்தாக்கின் கல்லூரி வளாகங்களிலும் அது நடந்திருக்கிறது.

பிள்ளைகளின் பொழுதுபோக்குதானே, இதற்கு இவ்வளவு விதிமுறை எதற்கு என்று பெற்றோர்கள் கேட்கலாம். இன்று கோலாலம்பூரில் இது ஒரு தொழில். 2020-இல் வெளிவந்த ‘நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்’ என்ற இசை விளையாட்டை உருவாக்கிய மெட்ரோனோமிக் இங்குள்ள நிறுவனம். ஜப்பானில் ‘ஃபைனல் ஃபேன்டசி 15’ குழுவில் பணியாற்றித் திரும்பிய வான் ஹஸ்மர் அதை நிறுவியவர்களில் ஒருவர். 2023-இல் உலகெங்கும் விருதுகளை அள்ளிய ‘பால்டர்ஸ் கேட் 3’ விளையாட்டைச் செய்த லாரியன் நிறுவனத்துக்கும் கோலாலம்பூரில் ஒரு கூடம் உண்டு. சைபர்ஜெயாவின் மல்டிமீடியா பல்கலைக்கழகம், புக்கிட் ஜாலிலில் உள்ள ஏபியூ, ஷா ஆலமில் உள்ள யூஓடபிள்யூ மலேசியா ஆகியவை இத்துறையைப் பாடமாகவே நடத்தி வந்துள்ளன. இந்த வேலைக்குப் போகும் இளைஞனிடம் நேர்காணலில் சான்றிதழோடு கேட்கப்படுவது, ‘நீ செய்ததைக் காட்டு’ என்பதுதான். போட்டியில் செய்த விளையாட்டே அவன் காட்டும் முதல் வேலை. அது விதிமீறல் என்று தள்ளப்பட்டால் இழப்பு பரிசுப் பணத்தோடு நிற்காது.

எஞ்சினும் செருகுநிரலும்

இன்று எவரும் வெறும் நிலத்திலிருந்து கணினி விளையாட்டைக் கட்டுவதில்லை. பந்து கீழே விழ வேண்டும், விளக்கு வெளிச்சம் சுவரில் பட வேண்டும், அடி விழுந்தால் சத்தம் கேட்க வேண்டும். இந்த அடிப்படை வேலைகளையெல்லாம் முன்கூட்டியே செய்து வைத்திருக்கும் மென்பொருளுக்கு கேம் எஞ்சின் என்று பெயர். யூனிட்டி, அன்ரியல், கோடோ ஆகியவை பரவலாகப் பயன்படுபவை.

எஞ்சினில் இல்லாத ஒரு வசதியைப் பிறர் செய்து, அதில் பொருத்திக்கொள்ளும்படி தருவது பிளக்-இன். தமிழில் செருகுநிரல் என்கிறோம். ஒரு கதாபாத்திரம் வழி கண்டுபிடித்து நடப்பதற்கு ஒரு செருகுநிரல், மழை பெய்வதற்கு ஒன்று, உரையாடல் பெட்டி காட்டுவதற்கு ஒன்று என ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. சில இலவசம், சில நூற்றுக்கணக்கான ரிங்கிட். இவை தவிர, ஆயத்தமாகக் கிடைக்கும் படங்கள், ஒலிகள், எழுத்துருக்கள் தனி. எஞ்சின் தயாரித்தவரும் அல்லாமல், போட்டியாளரும் அல்லாமல், வெளியார் ஒருவர் செய்ததால் இவற்றையெல்லாம் மூன்றாம் தரப்புக் கருவிகள், பொருள்கள் என்பார்கள்.

வீடு கட்டுபவர் செங்கல்லைத் தானே சுட வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் கட்டி முடித்த வீட்டை வாங்கி வாசலில் பெயர்ப்பலகை மட்டும் மாட்டினால் அதை ஏற்க முடியுமா? இந்த இரண்டுக்கும் இடையில் கோடு எங்கே விழுகிறது என்பதை ஒவ்வொரு போட்டியும் தனக்கு ஏற்றபடி முடிவு செய்கிறது.

2012-இல் தொடங்கிய ஜேஎஸ்13கே போட்டி அந்தக் கோட்டை எடைக்கல்லால் போட்டது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 13 முதல் செப்டம்பர் 13 வரை நடக்கும் இப்போட்டியில், சுருக்கிய நிலையில் மொத்த விளையாட்டும் 13 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். கைத்தொலைபேசியில் எடுக்கும் சாதாரணப் படம் ஒன்றே இதைப்போல் நூறு மடங்குக்கு மேல் இருக்கும். இணையத்தின் வேறு இடத்திலிருந்து எந்த நூலகத்தையும் எழுத்துருவையும் இழுக்கக் கூடாது. பிறர் எழுதிய நிரல் வேண்டுமென்றால் அதையும் இந்த 13-க்குள் திணித்துக்கொள்ள வேண்டும். அங்கே தனியாகத் தடை போடத் தேவையே இல்லை. இடமில்லாததால் பெரும்பாலோர் தாமே எழுதிவிடுகிறார்கள்.

2002-இல் ஜெஃப் ஹவ்லேண்ட் தொடங்கிய லூடம் டேர் போட்டியின் அணுகுமுறை இன்னும் நுட்பமானது. அதில் முதன்மையான பிரிவுகள் இரண்டு. கடுமையான பிரிவில் ஒருவர் தனியாக 48 மணி நேரத்தில் முடிக்க வேண்டும்; படம், இசை எல்லாம் அந்த நேரத்துக்குள் அவரே செய்ததாக இருக்க வேண்டும்; மூல நிரலையும் தர வேண்டும். அங்கேயும்கூட எஞ்சினுக்கும் நிரல் நூலகங்களுக்கும் அனுமதி உண்டு. மைன்கிராஃப்ட் புகழ் மார்க்கஸ் பெர்சன் 2011 டிசம்பரில் ‘மினிகிராஃப்ட்’ என்ற விளையாட்டை இந்தப் பிரிவில்தான் செய்தார். மற்றொரு பிரிவில் 72 மணி நேரம், குழுவாகச் சேரலாம், ஆயத்தப் பொருள்களும் பயன்படுத்தலாம். ஆனால் படத்தைப் பிறரிடமிருந்து எடுத்திருந்தால் ‘சிறந்த ஓவியம்’ மதிப்பீட்டிலிருந்து தாமாகவே விலகிக்கொள்ள வேண்டும். இசையை எடுத்திருந்தால் ஒலிக்கான மதிப்பீட்டிலிருந்து விலக வேண்டும். யாரையும் வெளியேற்றாமல், செய்யாத வேலைக்கு மதிப்பெண் போகாமலும் பார்த்துக்கொள்கிறது இந்த ஏற்பாடு. உள்ளூர்ப் போட்டி ஏற்பாட்டாளர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளத் தகுந்த விதி இது.

தமிழ் எழுத்து படும் பாடு

செருகுநிரல் எதுவுமே கூடாது என்று ஒரே வரியில் தடை போட்டுவிட்டால் எல்லோருக்கும் சமம்தானே என்று தோன்றும். தமிழில் விளையாட்டு செய்ய நினைப்பவருக்கு அது சமமாக இருந்ததில்லை.

கிள்ளானைச் சேர்ந்த மூன்று மாணவர்கள் ஒரு போட்டியில் கலந்துகொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தீபாவளிக்கு முந்திய இரவு, ஜாலான் தெங்கு கிளானாவில் வளையல் கடை நடத்தும் ஓர் அக்காவைப் பற்றிய விளையாட்டு. கூட்டம் குறைவதற்குள் அத்தனை வாடிக்கையாளர்களுக்கும் கேட்ட அளவு, கேட்ட நிறம் எடுத்துக் கொடுக்க வேண்டும். பேச்செல்லாம் தமிழில். எஞ்சினில் ‘கோலம்’ என்று தட்டுகிறார்கள். திரையில் வருவது கோலம் அல்ல, அலங்கோலம்.

காரணம் இது. கணினிக்குள் ‘கோ’ என்பது ‘க’ என்ற எழுத்தாகவும் அதைத் தொடரும் ஓகாரக் குறியாகவும் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது அந்தக் குறியைப் பிரித்து, இரட்டைக் கொம்பை இடப்பக்கமும் காலை வலப்பக்கமும் வைக்க ஒரு மென்பொருள் வேண்டும். ‘மு’, ‘கு’ போன்றவற்றில் உகரக் குறியை எழுத்தோடு இணைப்பதும் அதன் வேலை. அது இல்லாவிட்டால் கொம்பு இடம் தெரியாமல் வலப்பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்துக்கும் ரூமி எழுத்தில் எழுதும் மலாய்க்கும் இந்தத் தொல்லை இல்லை. எழுத்துகளை வரிசையாக அடுக்கினால் போதும். யூனிட்டியில் பல ஆண்டுகளாக வழக்கத்தில் இருந்த டெக்ஸ்ட்மெஷ் புரோ என்ற எழுத்துக் கருவி இப்படி அடுக்கத்தான் செய்தது. ஆகவே தமிழில் செய்தவர்கள் வெளியார் செருகுநிரலைத் தேடினார்கள், அல்லது யூனிகோடை விட்டுவிட்டு பாமினி போன்ற பழைய எழுத்துரு முறைக்கு மாற்றி ஒப்பேற்றினார்கள்.

எழுத்துகளை ஒழுங்காகக் கோக்கும் ஹார்ஃப்பஸ் என்ற திறமூல மென்பொருள் வெகுகாலமாகவே உண்டு. ஆண்ட்ராய்டு தொலைபேசியிலும் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் உலாவிகளிலும் தமிழ் சரியாகத் தெரிவது அதனால்தான். கோடோ எஞ்சின் 2023 மார்ச்சில் வெளியிட்ட 4.0 பதிப்பில் அதைத் தன்னுள்ளேயே சேர்த்துக்கொண்டது. அன்ரியலிலும் அது உண்டு. எந்த எஞ்சினை எடுப்பது என்று மாணவர்கள் முடிவு செய்யும் முதல் மணி நேரத்திலேயே ஒரு தமிழ் வரியைத் தட்டிப் பார்த்துவிடுவது நல்லது. கடைசி இரவில் தெரிந்துகொண்டால் பிழைக்க வழியில்லை.

விதி எழுதுபவர்கள் வேண்டுமென்றே தமிழைத் தடுக்கிறார்கள் என்று சொல்வதற்கில்லை. ரோமன் எழுத்திலேயே வேலை செய்பவருக்கு இப்படியொரு தலைவலி இருப்பதே தெரியாது. அதனால்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. மொழி எழுத்தைக் காட்டுவதற்கான செருகுநிரலுக்கு விலக்கு உண்டா என்று பதிவு செய்யும்போதே மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்திக்கொள்வது போட்டியாளரின் உரிமை.

இதோடு சேர்த்து எண்ண வேண்டிய இன்னொரு கூட்டம் இருக்கிறது. 1951-இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில்தான் இயங்குகிறது. வெண்கோலோடு நடப்பவர்களை அந்த வட்டாரத்தில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக் காட்டும் வசதியை விளையாட்டில் சேர்க்கவும் செருகுநிரல்கள் இருக்கின்றன. 48 மணி நேரத்தில் அதை ஒரு மாணவன் தானே எழுத முடியாது. செருகுநிரலுக்கு ஒட்டுமொத்தத் தடை என்றால் இதுவும் சேர்ந்துதான் அடிபடும்.

உரிமம் என்ற இரண்டாவது வாசல்

போட்டி விதி அனுமதித்துவிட்டால் எல்லாம் சரி என்று நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு கருவிக்கும் அதைச் செய்தவர் விதித்த உரிமம் ஒன்று தனியாக இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

வளையல் கடை விளையாட்டையே எடுத்துக்கொள்வோம். மாணவர்கள் கடை அலமாரியின் முப்பரிமாண உருவத்தை யூனிட்டியின் இணையக் கடையில் பணம் கொடுத்து வாங்குகிறார்கள். விளையாட்டுக்குள் வைத்து வெளியிட அந்த உரிமம் இடம் தருகிறது. ஆனால் மூலக் கோப்பாகவே பிறருக்கு வாரிக் கொடுக்க இடம் தருவதில்லை. குளோபல் கேம் ஜேம் போன்ற நிகழ்வுகளிலோ மூலக் கோப்புகளையும் பொதுவில் பதிவேற்ற வேண்டும் என்பது விதி. ஒன்றைக் காப்பாற்றினால் மற்றொன்று உடைகிறது. காசு கொடுத்துத்தானே வாங்கினோம் என்ற நம்பிக்கையில் நல்ல பிள்ளைகள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். மேலும், சில கருவிகளின் உரிமம் ஒரு கணினியில் அமர்ந்திருக்கும் ஒருவருக்கு மட்டுமே. மூவர் பயன்படுத்தினால் மூன்று வாங்க வேண்டும்.

எழுத்துருவும் அப்படியே. விண்டோஸோடு வரும் லதா எழுத்துரு கணினியில் இருக்கிறதே என்று அந்தக் கோப்பை விளையாட்டுக்குள் சேர்த்து அனுப்ப முடியாது. அதற்கான உரிமை மைக்ரோசாஃப்டிடம் தனியாகப் பெற வேண்டியது. கூகிளின் நோட்டோ சான்ஸ் தமிழ், திறந்த எழுத்துரு உரிமத்தில் வருவதால் அந்தச் சிக்கல் இல்லை. முரசு அஞ்சல் வழியாகக் கோலாலம்பூரிலிருந்து கணினித் தமிழுக்கு எழுத்துரு செய்து தந்த முத்து நெடுமாறன் போன்றவர்களின் உழைப்பை மலேசியத் தமிழர்கள் அறிவார்கள். ஒவ்வொரு எழுத்துருவுக்குப் பின்னாலும் அப்படி ஒருவரின் பல மாத வேலை இருக்கிறது.

ஒலியில் இன்னும் கவனம் வேண்டும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒலிகளில் சில எந்த நிபந்தனையும் இல்லாதவை. சிலவற்றுக்குச் செய்தவர் பெயரைப் போட்டால் போதும். வேறு சில ‘வணிகப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற நிபந்தனையோடு வருபவை. ஐயாயிரம் ரிங்கிட் பரிசு உள்ள போட்டி வணிகமா இல்லையா என்று வாதாடிக்கொண்டிருப்பதைவிட வேறு ஒலியை எடுப்பது புத்திசாலித்தனம். சினிமாப் பாட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மலேசியாவின் 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் இசையையும் கணினி நிரலையும் சேர்த்தே காக்கிறது. திருட்டு மென்பொருள் சிடிகளைச் சில ரிங்கிட்டுக்குக் கூவி விற்ற காலத்தைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு இது மிகையாகத் தோன்றலாம்; ஆனால் பரிசுக்கு அனுப்பும் விளையாட்டை நடுவர்கள் பிரித்துப் பார்ப்பார்கள்.

பறிபோன விருது

பெரியவர்களுக்கும் இந்தச் சறுக்கல் நேர்கிறது. பிரான்சின் சாண்ட்ஃபால் இன்டராக்டிவ் நிறுவனம் 2025 ஏப்ரலில் வெளியிட்ட ‘கிளேர் ஒப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33’ அந்த ஆண்டின் மிகப் பெரிய வெற்றி. டிசம்பர் 11-ஆம் தேதி நடந்த தி கேம் அவார்ட்ஸ் விழாவில் ஆண்டின் சிறந்த விளையாட்டு உட்பட ஒன்பது விருதுகளைப் பெற்றது. அடுத்த வாரமே இண்டி கேம் அவார்ட்ஸ் என்ற வேறோர் அமைப்பும் ஆண்டின் சிறந்த விளையாட்டு, சிறந்த அறிமுக விளையாட்டு என்ற இரண்டு விருதுகளை அதற்கு அறிவித்தது.

ஆனால் அந்த அமைப்பின் விதியில், செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய பொருளைப் பயன்படுத்திய விளையாட்டுக்கு இடமில்லை. பயன்படுத்தவில்லை என்று விண்ணப்பத்தின்போது நிறுவனத்தார் ஒப்புக்கொண்டிருந்தனர். விருது ஒளிபரப்பான நாளிலேயே, பயன்படுத்தியது உண்மைதான் என்பது நிறுவனத்தின் வாயிலிருந்தே உறுதியானது. தற்காலிகமாக இடம் நிரப்ப வைத்த சில படங்கள் கவனக்குறைவால் வெளியீட்டிலும் தங்கிவிட்டதாகவும், ஐந்து நாளில் அவை நீக்கப்பட்டதாகவும் அவர்கள் தரப்பு விளக்கம் இருந்தது. அமைப்பு இரண்டு விருதுகளையும் திரும்பப் பெற்று, ‘புளூ பிரின்ஸ்’, ‘சாரி வீ ஆர் குளோஸ்ட்’ ஆகிய விளையாட்டுகளுக்கு வழங்கியது.

தண்டனை கடுமையானதா என்று உலகெங்கும் வாக்குவாதம் நடந்தது. இத்தனை பெரிய படைப்பில் சில சுவரொட்டிப் படங்களுக்காகவா என்று கேட்டவர்கள் உண்டு. அவர்கள் கேட்டதிலும் நியாயம் உண்டு. ஆனால் நடுவர்களின் முன்னால் இருந்த கேள்வி எத்தனை படம் என்பதில்லை. விண்ணப்பத்தில் எழுதியது உண்மையா என்பதே. ஒரே விளையாட்டு, ஒரே மாதம். ஒரு மேடையில் ஒன்பது விருது, இன்னொரு மேடையில் தகுதிநீக்கம். இரண்டு மேடைக்கும் விதி வேறு வேறாக இருந்ததுதான் வித்தியாசம். ஸ்டீம் இணையக் கடையோ 2024 ஜனவரி முதல் மூன்றாவது வழியில் போகிறது. செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தத் தடை இல்லை. பயன்படுத்தியதைச் சொல்லிவிட வேண்டும்.

வெளியார் கருவியை நம்புவதில் மற்றோர் ஆபத்தும் உண்டு. அதன் சொந்தக்காரர் நாளை என்ன செய்வார் என்பது நம் கையில் இல்லை. 2023 செப்டம்பர் 12-ஆம் தேதி யூனிட்டி நிறுவனம், குறிப்பிட்ட எல்லையைத் தாண்டிய விளையாட்டுகள் ஒவ்வொரு முறை கணினியில் நிறுவப்படும்போதும் கட்டணம் என்று அறிவித்தது. உலகெங்கும் எதிர்ப்பு கிளம்பியது; தலைமை நிர்வாகி அடுத்த மாதமே விலகினார்; சரியாக ஓராண்டு கழித்து, 2024 செப்டம்பர் 12-ஆம் தேதி, அந்தக் கட்டணம் கைவிடப்பட்டது. அந்த ஓராண்டுக்குள் எத்தனையோ சிறு குழுக்கள் கோடோ பக்கம் திரும்பிவிட்டன.

ஏற்பாட்டாளர் எழுத வேண்டியது

‘மூன்றாம் தரப்புக் கருவிகளுக்கு அனுமதி இல்லை’ என்ற ஒற்றை வரியால் யாருக்கும் பயனில்லை. எஞ்சினே மூன்றாம் தரப்புதான் என்று கெட்டிக்கார மாணவன் வாதாடுவான். எதற்குத் தடை என்பதைப் பெயர் சொல்லி எழுத வேண்டும்: எஞ்சினா, செருகுநிரலா, படமா, ஒலியா, செயற்கை நுண்ணறிவா. போட்டி தொடங்கும் நாளுக்கு முன் பொதுவில் கிடைத்த கருவிகள் மட்டும் என்று ஒரு தேதி வைத்தால், ஒருவர் மட்டும் ரகசியமாகச் செய்து வைத்திருந்ததைக் கொண்டுவரும் வழி அடைபடும். விலை கொடுத்து வாங்கும் கருவிக்கு ஓர் உச்சவரம்பு வைத்தால், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கும் பிடிபிடிஎன் கடனில் படிக்கும் பிள்ளைக்கும் இடைவெளி குறையும். மீறினால் மொத்தமும் தகுதிநீக்கமா, அந்தப் பிரிவின் மதிப்பெண் மட்டுமா என்பதையும் முன்பே சொல்லிவிட வேண்டும். பரிசளிப்பு மேடையில் யோசிக்கும் விஷயமல்ல அது.

போட்டியாளர் பக்கம் வேலை சுலபம். முதல் நிமிடத்திலேயே ஒரு சாதாரணக் கோப்பைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். வெளியிலிருந்து ஒரு பொருளை உள்ளே கொண்டுவரும் ஒவ்வொரு முறையும் அதன் பெயர், செய்தவர், எடுத்த முகவரி, உரிமம், தேதி என ஒரு வரி. இடம் நிரப்பத் தற்காலிகமாக வைத்த படத்துக்கும் அதில் ஒரு வரி இருக்க வேண்டும். பாரிசில் இருந்தாலும் பண்டமாரானில் இருந்தாலும் மறந்துபோவது அதுதான். சமர்ப்பிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு மூவரில் ஒருவர் வேறு எந்த வேலையும் பார்க்காமல் அந்தக் கோப்பையும் விளையாட்டின் உள்ளடக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டிலும் பொருந்தாத ஒவ்வொன்றையும் அகற்றிவிட வேண்டும்.